கந்தக பூமியில் கலங்கும் நெஞ்சங்கள்

பட்டாசு ஆலை வெடித்தது என்ற செய்தி வந்ததும் நடப்பவை யாவும் நமக்கு மனப்பாடம். தீயணைப்பு வண்டிகள் விரைகின்றன. சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நிரம்புகிறது. அங்கே தாங்காதவர்களை மதுரை இராசாசி மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்கிறார்கள். மந்திரிமார் வருகின்றனர், எதிர்வரிசையினரும் வருகின்றனர், நாமும் மலர்வளையத்தோடு செல்கிறோம். மாநில சர்க்கார் ஒரு தொகையும் மத்திய சர்க்கார் ஒரு தொகையும் அறிவிக்கின்றன. போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, உரிமம் தற்காலிக ரத்து. பத்தாம் நாள் துக்க வீட்டுப் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். பதினோராம் நாள்?

அந்தப் பதினோராம் நாளைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை எழுத முற்படுகிறோம்.

வெடித்த அறைக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்த பெண்ணுக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆகவே காயம்பட்டோர் பட்டியலில் அவள் பெயரும் இல்லை. ஆனால் இரவில் அவளுக்கு உறக்கமும் இல்லை. தகரக் கதவு காற்றில் அடித்தால் எழுந்து ஓடுகிறாள். அடுப்பு மூட்டத் தீக்குச்சியை உரசக் கை வரவில்லை. காலையில் ஆலை வேன் தெருமுனையில் வந்து நிற்கிறது. வாங்கிய முன்பணம் கழியாமல் வேறு வேலை தேட வழியில்லை. ஏறித்தான் ஆக வேண்டும். அதே அறை வரிசை, அதே மருந்து நெடி, பக்கத்தில் காலியான ஓர் இடம். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் இயக்கப் பணிக்காக வீடு வீடாகச் செல்லும் தோழர் எவரும் இத்தகைய பெண்களைக் கண்டிருப்பார். கண்டும், “பாவம், பயந்து கிடக்கிறது” என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்? “இங்கே அழைத்துச் செல்லுங்கள்” என்று சுட்டிக்காட்ட அவர் கையில் ஓர் இடம் இருந்ததா?

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நாற்பது உயிர்கள் கருகின. மாண்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடி வந்த ஊரார். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024இல் பிப்ரவரியிலும் மே மாதத்திலும். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியில். ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன, மாவட்டம் மாறவில்லை. மாண்டோர் எத்தனை பேர் என்பதை அரசிதழ் சொல்லும், பத்திரிகை சொல்லும். அன்று மாளாமல் மீண்டு, ஆனால் அந்த நாளிலேயே நின்றுபோன நெஞ்சங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எந்தக் கச்சேரியிலும் ஒரு பதிவேடு கிடையாது.

அச்சங்குளம் விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. மாண்டோர் குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் தரவேண்டுமென ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. காயமுற்றோருக்கு? தோல் எத்தனை விழுக்காடு வெந்தது என்று அளந்து, அந்த அளவுக்கேற்பத் தொகை. அளப்பதற்கு எளிதான வழி என்பதால் அதைக் குறை கூறவில்லை. ஆனால் அந்த அளவுகோலில் மேலே நாம் சொன்ன பெண்ணின் கணக்கு என்ன? பூச்சியம். தாயும் தந்தையும் ஒரே அறையில் மாண்டுபோக, பாட்டியிடம் வளரும் பிள்ளை ஆறு மாதமாகப் பேசாமல் இருந்தால், அதற்குக் கணக்கு? அதுவும் பூச்சியம்.

உலகம் இதை அறியாமல் இல்லை. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், கோர விபத்தைக் கண்டதால் மனத்தில் ஏற்படும் பேரதிர்ச்சி நோய்க்கும் இடம் தந்திருக்கிறது. ஈய நச்சும் நுரையீரல் நோயும் போல அதுவும் தொழிலாளிக்குத் தொழில் தந்த நோய் என்று ஒப்புக்கொண்டாயிற்று. நம் நாட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்கள் வரிசையாக உள்ளன. மனம் மட்டும் அங்கே நுழையவில்லை. தொழிலாளிக்கு நுரையீரல் உண்டு, தோல் உண்டு, மனம் என்ற ஒன்று இல்லை போலும்!

இதனை வெறும் துயரக் கதையாக எண்ணிவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் மாண்டோர் 19,834 பேர். 2023இல் 19,483 பேர். மராட்டியத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தியா முழுவதிலும் இவ்வாறு உயிர்விட்டோரில் நான்கில் ஒருவருக்கு மேல் நாட்கூலிகள். பட்டாசுத் தொழிலாளியும் நாட்கூலிதான். இத்தனை குரோசுக்கு இவ்வளவு என்று எண்ணிப் பெறும் கூலி. தீபாவளி கழிந்ததும் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடுத்தபின் மாதக்கணக்கில் ஆலைகள் அடைபட்டன. அன்று அடுப்பெரியாத வீடுகளில் எரிந்தது என்ன என்பதை யார் அளந்தார்கள்? வெடிப்பு மட்டும் நெருக்கடி அன்று. வெடிக்காமல் ஆலை மூடிக் கிடப்பதும் நெருக்கடியே.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நன்றாகவே உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடப்பில் உள்ளது. மனநல மருத்துவம் பெறுவது குடிமகனின் உரிமை என்கிறது அதன் 18ஆம் பிரிவு. மாவட்டத்தில் அந்தச் சேவை இல்லையாயின், அம்மாவட்டத்தில் கிடைக்கும் வேறிடத்தில் சிகிச்சை பெறலாம். செலவை அரசே ஏற்கவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது 115ஆம் பிரிவு. தோழர்கள் இந்த இரண்டு எண்களையும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்: 18, 115. காவல் நிலையத்தில் பேசவும் பயன்படும், மருத்துவமனை வாயிலில் பேசவும் பயன்படும்.

சட்டம் வாய் திறந்து வாக்களித்தது. கருவூலம் கை திறக்கவில்லை. ஆறு வெட்டினார்கள், அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை வெட்டவில்லை.

இப்படி ஆவது இதுவே முதல் முறை அன்று. விருதுநகரும் இராமநாதபுரமும் 1985 வரை ஒரே மாவட்டம். அந்த இராமநாதபுரத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். நாடு பதறிற்று. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. அந்த மக்களை ஏர்வாடிக்குக் கொண்டுசேர்த்தது மூடநம்பிக்கை மட்டும்தான் என்று பகுத்தறிவு பேசி முடித்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஒருவர் நிலைதடுமாறினால், தர்காவின் கதவு திறந்திருந்தது, கோயிலின் மண்டபம் திறந்திருந்தது, அரசின் கதவு அடைத்திருந்தது. திறந்த கதவை நோக்கித்தான் தாய் மகனை அழைத்துச் செல்வாள். 1982இலேயே தேசிய மனநலத் திட்டம் பிறந்துவிட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்துவிட்டது. திட்டங்கள் பிறந்தன, பால் ஊற்றி வளர்ப்பார் இல்லை.

பணத்தின் கதைக்கு வருவோம். அரசியல் கட்டுரைக்குரிய பகுதி அதுதான்.

2022 அக்டோபர் 10இல் மத்திய சர்க்கார் ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவையைத் தொடங்கிற்று. எண் 14416. தமிழகத்தில் அதே எண்ணை ‘நட்புடன் உங்களோடு’ என்று அழகான பெயரிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் மாநில சர்க்கார் தொடங்கிவைத்தது. நல்ல காரியம், நள்ளிரவிலும் எடுத்துப் பேச ஆள் இருக்கிறார். மக்களும் பயன்படுத்தினார்கள், 2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் வந்த அழைப்புகள் இருபது லட்சத்தைத் தாண்டின. அழைப்பு கூடினால் பணமும் கூட வேண்டும் என்பது பெட்டிக்கடைக் கணக்கு. டில்லியின் கணக்கு வேறு. 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் இச்சேவைக்கு ஏறத்தாழ 134 கோடி ரூபாய். 2024-25இல் 90 கோடி. 2025-26இல் ஏறத்தாழ 80 கோடி. குரல்கள் கூடக் கூடக் காது சுருங்கும் விந்தையை இங்கேதான் கண்டோம்!

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 83.2 லட்ச ரூபாய் வரை தரலாம் என்பது மத்திய அரசின் விதி. ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க. அந்தத் தொகையில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், மருந்து, வண்டி, பயிற்சி எல்லாம் அடக்கம். பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தார். அடுத்த ஆண்டு வேலை உண்டோ இல்லையோ என்று தானே உறங்காதவர், உறக்கமிழந்தவர்க்கு எப்படி ஆறுதல் சொல்வார்?

இப்போது சிவகாசியின் கணக்கைப் பார்ப்போம். நாட்டில் விற்கும் பட்டாசில் ஆகப்பெரும் பங்கு இந்த வட்டாரத்தில் உற்பத்தியாவது. ஆண்டு விற்பனை ஆறாயிரம் கோடி ரூபாய் என்று தொழில்துறையினரே சொல்வதுண்டு. பட்டாசின்மீது சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு. அவர்கள் சொல்லும் தொகையையே கணக்குக்கு எடுத்துக்கொண்டால், வரி மட்டும் ஆயிரம் கோடியைத் தாண்டும். இந்த ஆயிரம் கோடி எங்கே போகிறது? பாதி மத்திய கருவூலத்துக்கு. மறுபாதி, பட்டாசு செய்த மாநிலத்துக்கு அன்று, கொளுத்திய மாநிலத்துக்கு! சரக்கு எங்கே நுகரப்படுகிறதோ அங்கே வரி என்பதுதான் 2017 முதல் உள்ள ஏற்பாடு. இலக்னோவில் வெடித்தால் இலக்னோவுக்கு வரி. வெம்பக்கோட்டையில் வெடித்தால் வெம்பக்கோட்டைக்குப் பிணம். மாநில உரிமை என்று நாம் மேடையில் முழங்குவது ஏதோ படித்தவர்களின் வாதம் என்று நினைப்போர், இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

அந்த வரியில் நூற்றுக்கு ஒரே ஒரு ரூபாயை, உற்பத்தி செய்யும் மாவட்டத்துக்கென ஒதுக்கினால் பத்துக் கோடிக்கு மேல் வரும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மேல்வரம்பைப் போலப் பதின்மூன்று மடங்கு. பெரிய புரட்சி எதுவும் நாம் கோரவில்லை. நூற்றில் ஒன்று.

முன்னுதாரணம் உண்டா என்பார்கள். கட்டடத் தொழிலில், கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலத்துக்கெனத் தனித் தீர்வையாக வாங்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழி. பீடித் தொழிலுக்கும் அவ்வாறு ஒரு தீர்வை இருந்தது; சரக்கு சேவை வரி வந்த 2017இல் அதை ஒழித்துவிட்டார்கள். ஆக, தீர்வை வைப்பதும் எடுப்பதும் இயற்கையின் விதியன்று, ஆள்வோரின் மனம். கடல் கடந்தும் பார்க்கலாம்: அமெரிக்காவில் 2022இல் 988 என்ற நெருக்கடி எண் வந்தபோது, ஆண்டுதோறும் கையேந்தாமல் இருக்க, தொலைபேசிக் கட்டணத்தில் மாதம் சில சென்ட் பிடித்தம் செய்யச் சட்டமே இடந்தந்தது, விர்ஜீனியா மாநிலம் முதலில் அவ்வழி சென்றது. முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே இது நடந்திருக்கிறது.

டில்லி மனம் இரங்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. விற்பனைமீது மாநிலம் வரி போட முடியாதபடி கையைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஊதியப் பட்டியலின் அடிப்படையில் தொழிலாளர் நலத்துக்கு நிறுவனத்தின் பங்கைக் கேட்பது வரி அன்று. தொழிலாளர் நல நிதிக்கு மாநிலத்தில் 1972 முதலே சட்டம் இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்க்கென நல வாரியமும் அமைத்தாயிற்று. அந்த வாரியத்தின் நிதியில் மனநல நெருக்கடிச் சேவைக்கென்று ஒரு தனித் தலைப்பு, எடுத்து வேறெதற்கும் செலவிட முடியாத தலைப்பு வேண்டும்.

அடுத்தது தொழிலாளர் காப்பீடு. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால், முதலாளி பங்காக மூன்றேகால் என்று 2019 முதல் வாங்குகிறார்கள். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் நிற்கிறது. ஆனால் உள்குத்தகைக்கு விட்ட அறையில் மருந்து கலப்பவனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாம் எதிர்ப்பவை ஏராளம். அது வேறு கட்டுரை. எனினும் அவற்றுள் ஒன்றில், உயிராபத்தான தொழிலென்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்தையும் காப்பீட்டில் சேர்க்கலாம் என்றொரு விதி உண்டு. பட்டாசைவிட உயிராபத்தான தொழில் எது என்று அறிவிக்கப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டுமா?

இந்தப் பணம் எதற்கு என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அதில் ஒரு கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்தி முடித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது செங்கல் அன்று, ஆள். விபத்து நடந்த அன்று மாலையே ஊருக்குள் செல்லும் ஒரு குழு. பிணவறை வாசலில் நிற்கும் குடும்பத்தோடு உடன் நிற்கப் பயிற்சி பெற்ற ஒருவர். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் சிவகாசியிலும் இரவு நேரத்தில் வருவோரை “காலையில் வா” என்று திருப்பாத மனநலப் படுக்கைகள். பிறகு, ஓராண்டுக்காவது மாதம் ஒருமுறை வீடு தேடிச் சென்று, “உறங்கினாயா, உண்டாயா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா” என்று கேட்கும் ஊதியம் பெறும் பணியாளர். தொலைபேசிக் குரல் நல்லது. ஆனால் கைப்பேசி கணவனிடம் இருக்கும் வீட்டில் மனைவி யாரை அழைப்பாள்?

சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டத்தை 2021இல் தமிழ்நாடு தொடங்கிற்று. நீரிழிவுக்கும் குருதிக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வழி தெரியாத அரசு அன்று இது. உடம்புக்குப் போட்ட பாதையில் மனத்துக்கும் ஒரு வண்டி ஓடட்டும் என்கிறோம்.

தொண்டு நிறுவனங்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். சென்னையில் ‘சினேகா’ 1986 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு இப்பணியைச் செய்துவருகிறது, வணங்கத்தக்க பணி. ஆனால் தொண்டுள்ளத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் உயிர்களை ஒப்படைப்பது அரசாட்சி ஆகாது. இதற்குச் சான்று விருதுநகரின் மைந்தரிடமே இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவை, 1956இல் காமராசர் மாநிலமெங்கும் விரித்தபோது, அரசின் பங்கோடு ஊராரின் நன்கொடையும் சேர்ந்துதான் உலை கொதித்தது. நன்கொடை ஓரிடத்தில் பெருகும், ஓரிடத்தில் வற்றும். 1982இல் சத்துணவுத் திட்டமாக அது கருவூலத்தின் நிலையான செலவுத் தலைப்பாயிற்று. அதன்பின் எத்தனை ஆட்சிகள் மாறின! முட்டை கூடிற்று, காலை உணவும் வந்தது. குறைக்கத் துணிந்த முதலமைச்சர் எவரும் இல்லை. யார் கொடுத்தார் என்பதைவிட, எந்தத் தலைப்பில் எழுதினார் என்பதில்தான் திட்டத்தின் ஆயுள் இருக்கிறது.

ஆலை அதிபர்கள் நம்மீது சினம் கொள்ளக்கூடும். தடைமேல் தடையால் தொழில் நொந்திருக்கும் வேளையில் இன்னொரு சுமையா என்பார்கள். சிவகாசி நொந்தால் நமக்கு மகிழ்ச்சி இல்லை. 1923இல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இருவரால் வறண்ட மண்ணில் முளைத்த தொழில் இது. இலட்சக்கணக்கானோர்க்குச் சோறு இது. ஆனால் வெடிவிபத்துக்குப் பின் அச்சத்தால் கைநடுங்கும் ஒருவர் மணிமருந்தைத் தொடுவது அடுத்த விபத்துக்கு அழைப்பு என்பதை அதிபரைவிட அறிந்தவர் யார்? நடுங்கும் கைக்கு ஓய்வும் சிகிச்சையும் தருவது அவருடைய கட்டடத்துக்கும் காப்பு.

தோழர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில், பட்டாசு ஆலைகள் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் தீர்மானம் கொண்டுவர வேண்டும். “மனநலம் பேணப்பட வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கையொப்பமிடுவர். ஆகவே தொகையையும் தலைப்பையும் எழுதுங்கள்: பட்டாசு வரியில் நூற்றில் ஒன்று உற்பத்தி மாவட்டத்துக்கு, நல வாரியத்தில் பிரிக்க முடியாத தனி நிதி, அறை ஒன்றே ஆனாலும் காப்பீடு, நட்ட ஈட்டுப் பட்டியலில் மனக்காயம். சட்டப்பிரிவு 18ஐயும் 115ஐயும் குறிப்பிடுங்கள். ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு படி நம் தலைமை நிலையத்துக்கு. அதுவரை, 14416 என்ற எண்ணைக் கிளை அலுவலகச் சுவரிலும் ஆலை வேன்கள் நிற்கும் தெருமுனைகளிலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அழைக்கக் கைப்பேசி இல்லாத பெண்களுக்குக் கிளைச் செயலாளரின் வீட்டுத் தொலைபேசி எந்நேரமும் கிடைக்கும் என்றும் அதன் கீழே எழுதுங்கள்.